சர்க்கரைப் புண்ணும் முடியாத அழற்சியும்

அப்பாவின் வலது பாதத்தில், கட்டைவிரலுக்குச் சற்றுக் கீழே, ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குப் புண். ஏழு மாதம் இருந்தது. காலையில் கட்டுப் பிரிப்பது என் வேலை. சலைன் ஊற்றி நன்றாக ஊறிய பிறகுதான் ஒட்டிக்கொண்ட காஸ் துணி விடும். அதை உரிக்கும்போது எனக்குத்தான் பல் கூசும். “வலிக்குதாப்பா?” என்று கேட்பேன். பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமலேயே, “ஒண்ணும் தெரியலம்மா” என்பார். வலியில்லாமல் இருக்கிறாரே என்று முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. அந்த வலியின்மைதான் நோயின் பாதி என்று புரியச் சில மாதம் ஆனது.

இடையில் கடையில் கேட்டு வாங்கிய களிம்பு, இரண்டு சுற்று ஆன்டிபயாடிக் மாத்திரை, தெரிந்தவர்கள் சொன்ன பத்தியம் எல்லாம் ஓடின. கடைசியில் பாத சிகிச்சை மருத்துவர் ஒருவர் புண்ணை நிதானமாகப் பார்த்துவிட்டு, “இப்ப இதுல இன்ஃபெக்‌ஷன் இல்லை. ஆனா அழற்சி முடிய மாட்டேங்குது. அதான் ஆறலை” என்றார். வெளியே வந்ததும் அப்பா கேட்டார்: “அலர்ஜின்னா சொன்னார்?” எனக்கும் அப்போது விளக்கத் தெரியவில்லை. அன்றைக்கு அவருக்குச் சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன். வீட்டில் இப்படியொரு புண்ணுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருக்கும் யாருக்காவது உதவும்.

அழற்சி என்பது எது

அழல் என்றால் தீ. அழற்சி அதிலிருந்து வந்த சொல். அலர்ஜி என்பது ஒவ்வாமை. காதுக்கு ஒன்றுபோலக் கேட்டாலும் அது வேறு. கிருமித் தொற்றும் வேறு. உடம்பில் எங்காவது வெட்டுப்பட்டாலோ, அடிபட்டாலோ, சுட்டுவிட்டாலோ, கிருமி புகுந்தாலோ, அந்த இடத்தைக் காப்பாற்ற உடம்பு தானாகத் தொடங்குகிற வேலைக்குப் பெயர்தான் அழற்சி. கிருமியே இல்லாமலும் அது வரும். கால் சுளுக்கி வீங்குகிறதே, அதில் கிருமிக்கு என்ன வேலை?

இதன் அடையாளங்களை கி.பி. முதல் நூற்றாண்டிலேயே ரோமானியரான செல்சஸ் எழுதிவைத்துவிட்டார்: சிவப்பு, வீக்கம், சூடு, வலி. அரிவாள்மனையில் விரலை நறுக்கிக்கொண்டவர்களுக்கு இந்த நான்கும் தெரியும். வெட்டுப்பட்ட இடத்தைச் சுற்றியுள்ள மெல்லிய ரத்தக்குழாய்கள் அகலமாகின்றன. ரத்தம் கூடுதலாகப் பாய்வதால் சிவப்பும் சூடும். குழாயின் சுவர் கொஞ்சம் இளகி, நீரும் புரதமும் வெளியே கசிவதால் வீக்கம். அங்கே சுரக்கும் ரசாயனங்கள் நரம்பு முனைகளைச் சீண்டுவதால் வலி. குழாய்ச் சுவர் இளகுவதற்குக் காரணம் உண்டு. ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும் வெள்ளை அணுக்கள் அந்த இடைவெளி வழியாகத்தான் காயத்துக்குள் இறங்க முடியும்.

அணுக்கள் அப்படி இறங்கி வருவதை முதலில் கண்ணால் பார்த்துப் புரிந்துகொண்டவர்களில் ஒருவர் இலியா மெச்னிகாஃப். 1882-இல் சிசிலித் தீவின் மெசினா நகரில், கண்ணாடிபோல உள்ளே தெரியும் நட்சத்திரமீன் குஞ்சுகளின் உடம்பில் ரோஜா முள்ளைக் குத்திவைத்தார். மறுநாள் காலையில் பார்த்தால், முள்ளைச் சுற்றி நகரும் அணுக்கள் மொய்த்துக்கொண்டிருந்தன. அந்நியப் பொருளை விழுங்கப் பார்க்கும் அணுக்கள் அவை. இந்த ஆராய்ச்சிக்காக 1908-இல் பால் எர்லிக்குடன் சேர்த்து அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. சர்க்கரைப் புண்ணின் கதையும் அந்த விழுங்கும் அணுக்களின் கதைதான்.

ஒரு நல்ல காயம் ஆறும் விதம்

கல்யாண வீட்டுப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் பந்தி சாப்பிட்டு எழ வேண்டும். இலை எடுக்கிறவர் வந்து எச்சில் இலைகளைச் சுருட்டி எடுத்து, மேஜையைத் துடைத்து, புது இலை போட வேண்டும். அப்புறம்தான் அடுத்த பந்தி உட்கார முடியும். காயத்திலும் இந்த வரிசை உண்டு.

வெட்டுப்பட்ட உடனே தட்டணுக்கள் கூடி ரத்தத்தை உறையவைக்கின்றன. சில மணி நேரத்திலேயே நியூட்ரோபில் என்ற வெள்ளை அணுக்கள் கூட்டமாக வந்துவிடும். இவைதான் முதல் பந்தி. கிருமியை விழுங்கும், கடுமையான ரசாயனங்களைக் கொட்டும், சிதைந்த திசுவைக் கரைக்கும். ஆனால் அவை கொட்டுகிற ரசாயனத்துக்குக் கிருமி எது, நம் சதை எது என்ற வித்தியாசம் தெரியாது. அதனால் வந்த வேலை முடிந்ததும் அவை இடத்தைக் காலி செய்தாக வேண்டும். ஆறக்கூடிய காயத்தில் முதல் ஓரிரு நாளில் அவற்றின் எண்ணிக்கை உச்சத்துக்குப் போய், அப்புறம் குறையத் தொடங்கிவிடும். பெரும்பாலானவை அங்கேயே மடிகின்றன.

இரண்டாம், மூன்றாம் நாளில் மேக்ரோபேஜ் அணுக்கள் பெருகுகின்றன. தமிழில் இதைப் பெருவிழுங்கி என்கிறார்கள், பொருத்தமான பெயர். கிருமி, செத்த திசு, மடிந்த நியூட்ரோபில் எல்லாவற்றையும் விழுங்கும். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதற்கு அடுத்தது. மடிந்த நியூட்ரோபில்லை விழுங்க விழுங்க, பெருவிழுங்கியின் குணமே மாறுகிறது. அதுவரை அழற்சியைத் தூண்டும் ரசாயனங்களைச் சுரந்துகொண்டிருந்த அதே அணு, இப்போது அழற்சியை அடக்குவதையும், புது ரத்தக்குழாயும் புதுச் சதையும் வளரத் தூண்டுவதையும் சுரக்கிறது. எச்சில் இலை எடுத்தவரே புது இலை போட்டு அடுத்த பந்தியைக் கூப்பிடுவதுபோல.

அதாவது அழற்சி வெறுமனே ஓய்ந்து போவதில்லை. அதை முடித்துவைக்க வேண்டும், முடித்துவைப்பதும் ஒரு வேலை. அந்த வேலை நடந்தால் சதை கட்டும் அணுக்கள் வந்து கொலாஜன் இழை பின்னும், ஓரத்திலிருந்து தோல் உள்நோக்கி நகர்ந்து மூடும். மேலே மூடிய பிறகும் உள்ளே தழும்பு உறுதிப்பட மாதக்கணக்கில், சில சமயம் ஒரு வருடத்துக்கு மேலும் ஆகும்.

சர்க்கரைப் புண்ணில் எங்கே சிக்குகிறது

புண் எப்படி வருகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பல வருடச் சர்க்கரையில் கால் நரம்பு கெட்டு உணர்ச்சி மரத்துப்போகிறது. வியர்வை வராமல் தோல் வறண்டு வெடிக்கிறது. பாதத்தின் வடிவம் மாறி ஒரே இடத்தில் எடை அழுந்துகிறது. அங்கே காய்ப்பு வந்து, அதன் அடியில் சதை நசுங்கிப் புண்ணாகிறது. செருப்பில் மாட்டிய கல்லோ, வெயிலில் கொதிக்கும் கோயில் பிராகாரமோ மீதியைப் பார்த்துக்கொள்ளும். சிலருக்குக் காலுக்குப் போகும் ரத்தக்குழாயும் அடைத்திருக்கும். சர்க்கரை உள்ளவர்களில் 19 முதல் 34 சதவீதம் பேருக்கு வாழ்நாளில் எப்போதாவது பாதப் புண் வரலாம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இந்தியாவில் மட்டும் சர்க்கரை உள்ளவர்கள் 10 கோடிக்கு மேல் என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

சரி, புண் வந்துவிட்டது. இப்போது அழற்சி என்ன செய்கிறது? சர்க்கரைப் புண்ணில் அழற்சி அதிகம் என்று பொதுவாகச் சொல்வார்கள். அது பாதி உண்மை. எனக்குப் புரிந்தவரை, அங்கே அழற்சி தொடங்க வேண்டிய நேரத்தில் சோம்பலாகத் தொடங்குகிறது, முடிய வேண்டிய நேரத்தில் முடியாமல் இழுக்கிறது. இரண்டும் ஒரே புண்ணில் நடக்கின்றன.

சோம்பலான தொடக்கத்தை முதலில் பார்ப்போம். ரத்தத்தில் சர்க்கரை ஏறிக் கிடக்கும்போது நியூட்ரோபில்களுக்குக் காயத்தை நோக்கி நகரும் வேகமும் குறைகிறது, கிருமியை விழுங்கும் திறனும் குறைகிறது. மயாமி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்ட ஆய்வில், ஆரோக்கியமானவர்களின் தோலிலும் வாய்க்குள்ளும் உண்டான புதுக் காயத்தையும் சர்க்கரைப் பாதப் புண்ணையும் ஒப்பிட்டார்கள். புதுக் காயத்தில் நியூட்ரோபில்லையும் பெருவிழுங்கியையும் வரவழைத்து முடுக்கும் ஏற்பாடு முழுவீச்சில் ஓடியது. பாதப் புண்ணில் அது மங்கிக் கிடந்தது. 2022-இல் பாஸ்டன் குழு ஒன்று ஒவ்வொரு அணுவாகப் பிரித்துப் பார்த்தபோது இன்னொன்று தெரிந்தது. பின்னாளில் ஆறிய புண்களில் அழற்சியைத் தூண்டும் வகைப் பெருவிழுங்கிகள்தான் கூடுதலாக இருந்தன. ஆறாதவற்றில் அடக்கும் வகை மிகுந்திருந்தது. ஆற வேண்டிய புண்ணுக்கு முதலில் நல்ல அழற்சி வேண்டும் என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி வேண்டியதில்லை.

அடுத்தது, முடியாமல் இழுக்கும் பகுதி. இதற்குக் காரணங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன.

நியூட்ரோபில்லுக்கு ஒரு வினோத ஆயுதம் உண்டு. 2004-இல்தான் அது கண்டுபிடிக்கப்பட்டது. தன் டிஎன்ஏவையே வலைபோல வெளியே வீசிக் கிருமியைச் சிக்கவைக்கும். சர்க்கரை உள்ளவர்களின் நியூட்ரோபில்கள் இந்த வலையைத் தேவைக்கு மேல் வீசுகின்றன என்று 2015-இல் பாஸ்டனில் நடந்த ஆய்வு காட்டியது. வலை காயத்திலேயே படிந்து, தோல் மூடுவதற்குக் குறுக்கே நிற்கிறது. சர்க்கரை நோய் கொண்ட எலிகளில் வலை வீசத் தேவையான நொதியை இல்லாமல் செய்தபோது காயம் வேகமாக ஆறியது.

பெருவிழுங்கியும் திணறுகிறது. மடிந்த நியூட்ரோபில்களை அது சரியாக விழுங்குவதில்லை. விழுங்கினால்தானே குணம் மாறும்? குணம் மாறாமல் பழைய வேலையையே செய்துகொண்டு, டிஎன்எஃப் ஆல்ஃபா, இன்டர்லூகின் 1 பீட்டா போன்ற தூண்டும் ரசாயனங்களைச் சுரந்தபடி நிற்கிறது. அதைக் கேட்டு மறுபடி நியூட்ரோபில்கள் வருகின்றன. முதல் பந்தி எழவே இல்லை, இலையும் எடுக்கவில்லை, வாசலில் அடுத்த பந்திக்காரர்கள் பசியோடு நிற்கிறார்கள். ஏழு மாதம் அப்பாவின் பாதத்தில் நடந்தது இதுதான்.

இந்த அணுக்கள் விடும் நொதிகளில் எம்எம்பி என்ற ஒரு குடும்பம் உண்டு. பழைய, சேதமான இழைகளை அரித்துச் சுத்தம் செய்வது அவற்றின் வேலை. அளவோடு இருந்தால் நல்லது. சர்க்கரைப் புண்ணில், முக்கியமாக எம்எம்பி 9, அளவு மீறி இருக்கிறது. அதைக் கட்டுப்படுத்தும் புரதங்களோ குறைவு. அதனால் புதிதாகப் பின்னிய கொலாஜனையும் அது அரித்துவிடுகிறது. வளர்ச்சியைத் தூண்டும் புரதங்களையும் சிதைக்கிறது. நேற்றுப் பூசிய பூச்சை இன்று ஒருவர் சுரண்டிக்கொண்டே இருந்தால் சுவர் எப்படி எழும்பும்?

சர்க்கரைக்கும் நேரடிப் பங்கு உண்டு. அது புரதங்களோடு ஒட்டிக்கொள்ளும் குணம் கொண்டது. மூன்று மாதச் சராசரிக்கு எடுக்கிறோமே, எச்பிஏ1சி பரிசோதனை, அது ஹீமோகுளோபினில் ஒட்டிய சர்க்கரையைத்தான் அளக்கிறது. கொலாஜன் போல நீண்ட நாள் வாழும் புரதங்களில் இந்த ஒட்டல் வருடக்கணக்கில் முற்றி, பிரிக்க முடியாத ஒரு பொருளாகிவிடும். அணுக்களின் மேலுள்ள ஏற்பிகள் அதைக் காயத்தின் அறிகுறியாக எடுத்துக்கொண்டு அழற்சியைத் தூண்டுகின்றன. ஒரு மாதம் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தாலும் பழைய பாதிப்பு உடனே போகாததற்கு இது ஒரு காரணம். அதனால் கட்டுப்பாடு வீண் என்று நினைத்துவிடக் கூடாது. வெள்ளை அணுக்களின் வேகம் இன்றைய சர்க்கரை அளவையும் பொறுத்தது.

கிருமிகளும் சும்மா இருப்பதில்லை. தண்ணீர்த் தொட்டியின் உள்சுவரில் கை வைத்தால் வழுக்குமே, அதுபோலப் புண்ணின் மேல் கிருமிகள் சேர்ந்து ஒரு வழுவழுப்பான படலம் கட்டிக்கொண்டு அதற்குள் வாழும். உயிர்ப்படலம் என்று பெயர். உள்ளே இருப்பவற்றை வெள்ளை அணுவாலும் எளிதில் எட்ட முடியாது, ஆன்டிபயாடிக்காலும் முடியாது. எட்ட முடியாததைத் தாக்கித் தாக்கி அழற்சி நீள்கிறது.

இத்தனைக்கும் மேலே, காலடி. வலி இருந்தால் நொண்டி நடந்து புண்ணைக் காப்பாற்றுவோம். வலி இல்லாததால் அப்பா எப்போதும்போல நடந்தார். பால் வாங்க, பூட்டைச் சரிபார்க்க, இரவில் பாத்ரூம் போக. ஒவ்வொரு அடியும் புண்ணுக்குப் புது அடி. உடம்பைப் பொறுத்தவரை ஒவ்வொரு முறையும் காயம் இன்றுதான் பட்டது. அழற்சி மறுபடி முதல் நாளிலிருந்து.

அடையாளம் மறைந்துகொள்ளும்

செல்சஸ் சொன்ன நான்கு அடையாளமும் சர்க்கரைக் காலில் ஏமாற்றும். இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், ஏனென்றால் கால்கள் பறிபோவது பெரும்பாலும் இந்த இடத்தில் கவனம் தவறுவதால்தான்.

நரம்பு மரத்த காலில் வலி வராது. ரத்த ஓட்டம் குறைந்த காலில் சிவப்பும் சூடும் பெரிதாகத் தெரியாது. இன்னொன்று, பாடப்புத்தகத்துச் சிவப்பு வெள்ளைத் தோலில் தெரியும் சிவப்பு. நம் தோலில் அது கருஞ்சிவப்பாகவோ, சுற்றுப்புறத்தைவிடக் கொஞ்சம் அடர்ந்த கறுப்பாகவோ, தோல் இறுகி மினுமினுப்பாகவோதான் தெரியும். கண்ணை மட்டும் நம்பினால் தவறவிடுவோம். புறங்கையைப் பாதத்தின் மேல் வைத்து, மற்றக் காலின் அதே இடத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. புறங்கைக்குச் சூடு நன்றாகத் தெரியும்.

எல்லாத் திறந்த புண்ணிலும் கிருமி இருக்கத்தான் செய்யும். கிருமி இருப்பதாலேயே தொற்று ஆகிவிடாது. புண்ணைச் சுற்றி வீக்கம், அரை சென்டிமீட்டருக்கு மேல் பரவிய சிவப்பு, தொட்டால் வலி, சூடு, சீழ் இவற்றில் குறைந்தது இரண்டாவது இருந்தால்தான் தொற்று என்று மருத்துவர்கள் முடிவு செய்கிறார்கள். தொற்று இல்லாத புண்ணுக்கு ஆன்டிபயாடிக் கொடுப்பதால் அது சீக்கிரம் ஆறுவதில்லை. நாங்கள் இரண்டு சுற்று மாத்திரை கொடுத்தும் புண் அப்படியே நின்றதற்கு விடை இங்கே இருக்கிறது. அதேநேரம் துர்நாற்றம், விரல் கறுத்தல், காய்ச்சல், குளிர் நடுக்கம், காலில் மேல்நோக்கிப் பரவும் சிவப்பு, காரணமில்லாமல் திடீரென்று ஏறும் சர்க்கரை இவற்றில் எதைக் கண்டாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மறுநாள் வரை பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது.

புண்ணே இல்லாமல் ஒரு பாதம் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் அதையும் காட்ட வேண்டும். எலும்பும் மூட்டும் அழற்சியில் நொறுங்கத் தொடங்கும் சார்கோ பாதம் என்ற நிலையாக இருக்கலாம்.

மருத்துவர்கள் செய்வதன் பொருள்

முதல் நாள் மருத்துவர் கத்தியை எடுத்துப் புண்ணைச் சுற்றியிருந்த காய்ப்பைச் சீவினார். நடுவில் படிந்திருந்த மஞ்சள் ஏட்டைச் சுரண்டி எடுத்தார். ரத்தம் பொட்டுப் பொட்டாகக் கசிந்தது. நாணயம் அளவுக்கு இருந்த புண் இப்போது இன்னும் பெரிதாகத் தெரிந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆறவைக்கத்தானே கூட்டி வந்தேன்?

அவர் செய்தது பந்தியைக் கையால் எழுப்பிவிடுகிற வேலை. செத்த திசு, கிருமிப் படலம், கிழடுதட்டிய அணுக்கள், அளவு மீறிய நொதிகள் எல்லாம் அந்த ஏட்டோடு போகின்றன. கசியும் புது ரத்தத்தில் தட்டணுக்கள் வருகின்றன. பழைய புண் மறுபடி புதுக் காயமாகி, அழற்சி முதலிலிருந்து ஒழுங்காகத் தொடங்க வாய்ப்புக் கிடைக்கிறது. கிருமிப் படலம் இரண்டு மூன்று நாளில் மறுபடி கட்டத் தொடங்கும் என்பதால் இந்தச் சுரண்டலைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும். ரத்த ஓட்டம் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் செய்வார்கள். ரத்தமே வராத காலில் ஆழமாகச் சீவினால் புண் பெருகுவதோடு நின்றுவிடும். அடைப்பு இருந்தால் முதலில் அதைத் திறக்க வேண்டும். வீட்டில் பிளேடால் காய்ப்பைச் சீவிக்கொள்ளும் பழக்கம் பலருக்கு உண்டு. தயவுசெய்து வேண்டாம்.

அடுத்து, எடையை எடுப்பது. எல்லா சிகிச்சையிலும் குறைத்து மதிக்கப்படுவது இதுதான் என்பேன். பாதத்தின் அடிப்புறப் புண்ணுக்கு, முழங்காலுக்குக் கீழே பாதம் முழுக்க ஒட்டி அமையும் மாவுக்கட்டுப் போடுவார்கள். எடை ஓரிடத்தில் அழுந்தாமல் பரவிவிடும். கழற்ற முடியாதது என்பதுதான் அதன் பலம். இந்தக் கட்டுக்கு நம் பக்கத்தோடு பழைய உறவு உண்டு. உணர்ச்சியற்ற பாதப் புண்ணுக்கு மாவுக்கட்டுப் போடும் முறையை 1930-களில் இலங்கையில் மில்ராய் பால் என்ற அறுவை மருத்துவர் கையாண்டார். கொல்லிமலையில் 1914-இல் பிறந்து, வேலூரில் தொழுநோயாளிகளுக்கு வைத்தியம் பார்த்த பால் பிராண்ட் அதை வளர்த்து, அமெரிக்காவுக்கும் கொண்டுபோனார். தொழுநோயாளியின் சதை தானாக அழுகுவதில்லை, வலி தெரியாததால் மறுபடி மறுபடி அடிபட்டே புண்ணாகிறது என்று அவர் கண்டதுதான் இன்று சர்க்கரைக் காலுக்கும் அடிப்படை. இன்று சர்க்கரை நோயாளிகள் போடும் எம்சிஆர் (மைக்ரோசெல்லுலார் ரப்பர்) செருப்பும் தொழுநோயாளிகளின் காலிலிருந்து வந்ததுதான்.

எடை எடுத்தால் அழற்சி அடங்கும் என்பதை நுண்ணோக்கியிலேயே பார்த்திருக்கிறார்கள். இத்தாலியில் 2003-இல் வெளியான ஆய்வு அது. புண்ணை வெட்டி எடுத்துப் பரிசோதிப்பதற்கு முன் சிலருக்கு 20 நாள் மாவுக்கட்டுப் போட்டார்கள், சிலருக்குப் போடவில்லை. கட்டுப் போடாதவர்களின் திசுவில் அழற்சியும் சிதைவும் நிறைந்திருந்தன. போட்டவர்களின் திசுவில் புது ரத்தக்குழாயும் இளஞ்சதையும் முளைத்திருந்தன. இருபது நாள் அந்த இடத்தை மிதிக்காமல் விட்டதற்கே இவ்வளவு.

அப்பாவுக்கு மூன்றாவது வாரம் கட்டு மாற்றும்போது நானே பார்த்தேன். மஞ்சள் ஏடு இருந்த இடத்தில் மாதுளை முத்துப்போலச் சிவந்த, ஈரமான சின்னச் சின்ன மணிகள். அந்தச் சிவப்பு அழற்சியின் சிவப்பு அல்ல, புதுக் குழாய்களில் ஓடும் ரத்தத்தின் சிவப்பு. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துகொண்டால் தினமும் கட்டு மாற்றுகிறவருக்குத் தைரியம் வரும். புண்ணுக்குள் மணி மணியாக இருந்தால் நல்லது. புண்ணுக்கு வெளியே தோலில் பரவினால் பயப்பட வேண்டியது.

நான்கு வாரத்தில் புண்ணின் பரப்பு பாதியாகிறதா என்று அளந்து பாருங்கள். நீளம், அகலம் இரண்டையும் குறித்துவைத்தால் போதும். 2003-இல் வந்த ஆய்வு ஒன்றில், நான்கு வாரத்தில் பாதிக்கு மேல் சுருங்கிய புண்களில் 58 சதவீதம் 12 வாரத்தில் மூடின. அந்த அளவுக்குச் சுருங்காதவற்றில் 9 சதவீதம்தான் மூடின. ஆகவே நான்கு வாரத்தில் பெரிய மாற்றம் இல்லை என்றால் அதே களிம்பை இன்னும் நான்கு வாரம் போடுவதில் அர்த்தமில்லை. மருத்துவரிடம் கேட்டு வழியை மாற்ற வேண்டும்.

அழற்சியை நேரடியாகக் குறிவைக்கும் சிகிச்சைகளும் வந்துகொண்டிருக்கின்றன. எம்எம்பி நொதிகளை மட்டுப்படுத்தும் சுக்ரோஸ் ஆக்டாசல்ஃபேட் பூசிய கட்டுத்துணியை ஐரோப்பாவில் 240 பேரிடம் சோதித்தார்கள். 2018-இல் வந்த முடிவுப்படி 20 வாரத்தில் 48 சதவீதம் பேருக்குப் புண் மூடியது. அந்த மருந்தில்லாத அதே துணி கட்டியவர்களில் 30 சதவீதம். பெருவிழுங்கியின் குணத்தைத் திருப்பவென்றே தைவானில் ஒரு களிம்பு உருவாகி, 2021-இல் அங்கே அனுமதியும் பெற்றது. அதன் மூலப்பொருள்கள் என்ன தெரியுமா? நம் வீட்டுத் தொட்டியில் வளரும் கற்பூரவல்லியும் வல்லாரையும்தான். 236 பேரிடம் நடந்த சோதனையில் 16 வாரத்தில் களிம்பு போட்டவர்களில் 60.7 சதவீதம் பேருக்கும், சாதாரணக் கட்டு போட்டவர்களில் 35.1 சதவீதம் பேருக்கும் முழுவதும் ஆறியது. இதைப் படித்துவிட்டு யாரும் இலையை அரைத்துப் புண்ணில் அப்பிவிடாதீர்கள். களிம்பில் இருப்பது பிரித்தெடுத்துச் சுத்தம் செய்து அளந்த சாறு. பச்சையிலையில் மண்ணும் கிருமியும் சேர்ந்தே வரும். காப்பித்தூள், மஞ்சள், சுண்ணாம்பு எல்லாவற்றுக்கும் இதே பதில்தான்.

இரண்டு கேள்விகள்

அழற்சிதான் சிக்கல் என்றால் அழற்சி குறைக்கும் வலி மாத்திரை போட்டால் ஆகாதா என்று அப்பாவே கேட்டார். ஆகாது. புண்ணுக்கு முதலில் வேண்டிய நல்ல அழற்சியையும் சேர்த்தே அமுக்கும் மருந்துகள் அவை. ஸ்டீராய்டு காயம் ஆறுவதைத் தடுப்பதோடு சர்க்கரையையும் ஏற்றிவிடும். டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகள், சர்க்கரையால் ஏற்கனவே களைத்திருக்கும் சிறுநீரகத்துக்கு ஆபத்து. மருத்துவர் சொல்லாமல் இரண்டையும் தொடக் கூடாது.

அடுத்தது சாப்பாடு. பருப்பு போட்டால் சீழ் பிடிக்கும், முட்டை சேர்க்காதே, மீன் கரப்பான் என்று அத்தை ஒருவர் சொல்ல, அப்பா இரண்டு மாதம் ரசமும் சோறுமாகச் சாப்பிட்டார். அக்கறையில் சொன்னதுதான், கோபம் இல்லை. ஆனால் புதுச் சதையும் வெள்ளை அணுவும் புரதத்தால் கட்டப்படுபவை. புண்ணிலிருந்து கசியும் நீரிலும் புரதம் போய்க்கொண்டே இருக்கிறது. சிறுநீரகத்தில் கோளாறு இருந்தால் மட்டும் எவ்வளவு என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பருப்பும் முட்டையும் மீனும் தாராளமாக வேண்டும். சோற்றைக் குறைத்துவிட்டு அவற்றைச் சேர்த்தோம். புகை பிடிப்பவர்கள் நிறுத்தியே ஆக வேண்டும், ஏற்கனவே ஒடுங்கிய குழாயை அது இன்னும் ஒடுக்குகிறது.

மூடிய பிறகு

இந்தச் சிகிச்சை தொடங்கிய பதினோராவது வாரம் அப்பாவின் புண் மூடியது. இளஞ்சிவப்பாக, வெங்காயச் சருகுபோல மெல்லிய தோல். அத்தோடு முடிந்தது என்று கோயிலுக்குக் கிளம்பப் பார்த்தார். மூடிய புண்களில் ஏறக்குறைய 40 சதவீதம் ஒரே வருடத்தில் திரும்பி வருகின்றன. மேல்தோல் மூடினாலும் அடியில் தழும்பு இன்னும் இறுகிக்கொண்டிருக்கிறது. நரம்பும் பழைய நரம்புதான், நடையும் பழைய நடைதான்.

திரும்பி வருவதற்கு முன் அழற்சி தன்னைக் காட்டிக்கொடுக்கும், சூட்டின் வழியாக. இரண்டு பாதங்களிலும் ஒரே இடத்தை அளந்து, 2.2 டிகிரி செல்சியஸுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் நடையைக் குறைத்துக்கொண்டு மருத்துவரைப் பார்க்கச் சொல்கிறார்கள். அப்படிச் செய்தவர்களுக்குப் புண் திரும்புவது குறைந்ததைச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. நாங்கள் ஒரு தோல் வெப்பமானி வாங்கி வைத்திருக்கிறோம். படுக்கப்போகும் முன் ஆறு இடத்தில் அளந்து காலண்டரில் எழுதுகிறோம். போன மாதம் இரண்டு நாள் தொடர்ந்து வலது பாதத்தில் சூடு கூடவே இருந்தது. பார்க்க ஒன்றும் தெரியவில்லை, அப்பாவுக்கும் ஒன்றும் தெரியவில்லை. கூட்டிக்கொண்டு போனோம். பழைய இடத்துக்குப் பக்கத்தில் காய்ப்பு கட்டத் தொடங்கியிருந்தது. சீவிவிட்டு, செருப்பின் உள்தட்டை மாற்றிக் கொடுத்தார்கள். நான்காம் நாள் இரண்டு காலும் ஒரே சூட்டுக்கு வந்தன.